கல்வித்தரம் குறைகிறதா? உங்கள் வீட்டிலும் தெருவிலும் நீங்களே அளந்து பார்க்கும் முறை

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்ற பேச்சைக் கல்யாணப் பந்தியிலும் கேட்கிறோம், பள்ளி ஆசிரியர் அறையிலும் கேட்கிறோம். மே மாதத்தில் பொதுத்தேர்வு முடிவுகள் வந்ததும் பேச்சு மாறிவிடுகிறது. தேர்ச்சி விழுக்காடு கூடியிருப்பதைக் காட்டி, கல்வி வளர்ந்துவிட்டது என்கிறோம். இரண்டையும் சொல்பவர்களில் பெரும்பாலோர், ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டவர்கள் அல்லர். நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தரம் குறைந்திருக்கிறதா, குறைந்திருந்தால் எது குறைந்திருக்கிறது என்பதை ஒரு பென்சிலையும் இரண்டு தாள்களையும் வைத்துக்கொண்டு எவரும் கண்டறியலாம் என்பது அந்த அனுபவத்தில் நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது. அதைச் செய்யும் முறையை இங்கே எழுதுகிறேன்.

யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

அளக்கத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. ஒரு தாளில் உங்கள் தாத்தா பாட்டியின் உடன்பிறந்தோர் அனைவரின் பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் எந்த வகுப்பு வரை படித்தார் என்று குறியுங்கள். நினைவிலிருந்து எழுதாமல், வீட்டில் மூத்தவர் எவராவது இருந்தால் அவரிடம் கேட்டே எழுதுங்கள். எங்கள் வீட்டில் இதைச் செய்தபோது, ஏழு பேரில் எட்டாம் வகுப்பு வரை வந்தவர் ஒரே ஒருவர் என்று தெரியவந்தது. "அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு எப்படி இருந்தது பார்" என்று வீட்டில் எடுத்துக் காட்டப்படும் கடிதங்கள் அனைத்தும் அந்த ஒருவர் எழுதியவை. மற்ற ஆறு பேரில் நான்கு பேர் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர்கள். அவர்களுடைய கல்வித்தரத்தை எடுத்துப் பேச எவரும் வருவதில்லை.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர். 2011இல் அது 74 விழுக்காட்டை எட்டியது. தமிழ்நாட்டில் 80 விழுக்காட்டைத் தொட்டது. சலித்துச் சலித்துக் கடைசியில் எஞ்சிய சிலரே பத்தாம் வகுப்பு வரை வந்த காலத்தை, தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் பத்தாம் வகுப்பு எழுதும் காலத்தோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு குடும்பமும் முன்னேறியிருக்கும்போதே வகுப்பின் சராசரி இறங்கியதாகத்தான் தெரியும். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாட்டு நூலை மனப்பாடம் செய்து, மா, காணி, முந்திரி என்ற பழைய பின்ன அளவுகளில் கணக்கை வாயாலேயே போட்ட மாணவர்களின் திறமையை நானும் மதிக்கிறேன். அந்தத் திண்ணையில் ஏறி உட்கார அனுமதிக்கப்படாத சாதிகளின் பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் எத்தனை பேர் என்பதையும் அதே மூச்சில் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதைக் காரணம் காட்டி, "ஆகவே எந்தச் சரிவும் இல்லை" என்று முடித்துவிடுவதும் தவறு. பழைய ஒப்பீடு பிழையானது என்பதுவரைதான் இது சொல்கிறது. சரிவு உண்டா என்பதைக் காண, ஒரே வயதுப் பிள்ளைகளை ஒரே அளவுகோலால் பல ஆண்டுகள் அளந்திருக்க வேண்டும். அப்படி அளந்த ஒரு முயற்சி நம் நாட்டில் இருக்கிறது. அதன் முறையை வீட்டிலேயே பின்பற்றவும் முடியும். அதற்கு வரும் முன், தேர்வு முடிவுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தேர்ச்சி விழுக்காட்டை எப்படிப் படிப்பது

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 2024இல் 91.55 விழுக்காடு, 2025இல் 93.80 விழுக்காடு. 2021இல் கொரோனா காரணமாகத் தேர்வே நடக்காமல் அனைவரும் தேர்ச்சி பெற்றனர். இந்த எண்களை வரிசையாக வைத்து, தரம் கூடியது என்றோ குறைந்தது என்றோ சொல்ல இயலாது. ஏனெனில் கேள்வித்தாளின் கடினம், பாடத்திட்டத்தின் அளவு, விடைத்தாள் திருத்தும் விதம் ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. 2017இல் மாநில அளவில் முதலிடம் பிடித்தவர்களை அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. 2019 முதல் பன்னிரண்டாம் வகுப்பின் மொத்த மதிப்பெண் 1200இலிருந்து 600ஆனது. 35 மதிப்பெண் வாங்கிய பிள்ளையும் 95 வாங்கிய பிள்ளையும் தேர்ச்சி விழுக்காட்டில் ஒரே எண்ணாகத்தான் சேர்கிறார்கள்.

பழைய வினாத்தாளையும் புதிய வினாத்தாளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இதைவிடப் பயன் தரும். தெருவில் விசாரித்தால் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு வினாத்தாள் எவர் வீட்டு அலமாரியிலாவது கிடைக்கும். அதோடு அந்தந்த ஆண்டுப் பாடப்புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, மூன்று நிறப் பென்சில்களோடு உட்காருங்கள். புத்தகத்தில் உள்ள எண்களே மாறாமல் அப்படியே வந்திருக்கும் வினாவுக்குச் சிவப்பு. எண்கள் மாறியிருந்தாலும் போடும் முறை புத்தகத்தில் உள்ளதே என்றால் நீலம். முறையையே மாணவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் பச்சை. ஒவ்வொரு நிறத்துக்கும் எத்தனை மதிப்பெண் என்று கூட்டுங்கள். எத்தனை வினாவுக்கு மாற்றுத் தேர்வு கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிறைய சாய்ஸ் இருந்தால் ஒரு முழுப் பாடத்தைத் தொடாமலே நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம்.

இதைச் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய தாளில் பச்சை நிறையவும் புதிய தாளில் சிவப்பு நிறையவும் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு உட்காராதீர்கள். நான் பார்த்த பழைய தாள்கள் பலவற்றில் சிவப்பே மிகுந்திருந்தது. புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை நெட்டுருப் போட்டவர் எளிதாகச் 'சென்டம்' வாங்கக்கூடிய தாள்கள் அவை. 2018 முதல் வந்த புதிய பாடப்புத்தகங்கள் முந்தையவற்றைவிடப் பாரமானவை. அவற்றை ஒட்டி வந்த தாள்களில் நீலமும் பச்சையும் கூடியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். பாடப்புத்தகம் தடித்துக்கொண்டே வருகிறது, பிள்ளையின் கையிலுள்ள திறன் அதற்கு ஈடாக வளரவில்லை என்பதுதான் நான் கண்ட சிக்கல்.

அரை மணி நேர அளவீடு

இனி முக்கியமான பகுதி. 2005 முதல் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திவரும் 'அசர்' எனப்படும் ஆண்டுக் கல்வி நிலை ஆய்வில், தன்னார்வலர்கள் ஊர்ப்புறங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து வாசிக்கச் சொல்கிறார்கள், கணக்குப் போடச் சொல்கிறார்கள். எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவிலான ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சிறுகதை என்று வாசிப்பு நான்கு படிகளாக ஏறும். கணக்கில் எண்களை அடையாளம் காண்பதில் தொடங்கி, கடன் வாங்கிக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல் வரை போகும். இவ்வளவு எளிய சோதனை என்பதாலேயே அதன் முடிவு கசக்கிறது. இந்திய அளவில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 27.3 விழுக்காடு, பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்துக்குப் பின் 2022இல் 20.5, 2024இல் மீண்டும் 27.1. தமிழ்நாட்டில் அந்த அளவு 2018இல் 10.2ஆக இருந்து 2022இல் 4.8ஆக இறங்கியது. சரிவும் நிகழ்ந்திருக்கிறது, மீட்சியும் நிகழ்ந்திருக்கிறது என்பதை இந்திய எண்கள் காட்டுகின்றன. என்னை உறுத்துவது இறங்கியதும் ஏறியதும் அன்று. ஏறிய பிறகும் நான்கில் மூன்று பிள்ளைகள் வாசிக்க இயலாமல் நிற்கிறார்கள் என்பதுதான்.

வீட்டில் இதைச் செய்வதற்கு, பிள்ளை வயிறு நிறைந்து, விளையாடி முடித்து, கண் அயராமல் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். உறவினர் முன்னிலையில் செய்யாதீர்கள். "இது பரீட்சை" என்ற சொல்லையே எடுக்காதீர்கள். நீங்களும் அவளும் பக்கம் பக்கமாக உட்கார்ந்து, ஒரே தாளைப் பார்ப்பதுபோல் இருக்கட்டும். எதிரே உட்கார்ந்தால் பிள்ளை எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

வாசிப்புக்கு, அவள் வகுப்புக்கு இரண்டு வகுப்பு முந்தைய புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை எடுங்கள். ஆனால் அது அவள் மனப்பாடமாக அறிந்த பக்கமாக இருக்கக்கூடாது. நாளிதழின் சிறுவர் பகுதியும் ஏற்றது. எட்டாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு செய்திக் கட்டுரையின் முதல் இரண்டு பத்திகள் போதும். அவள் உரக்க வாசிக்கும்போது திருத்தாதீர்கள். தடுக்கும் இடத்திலெல்லாம் உங்கள் தாளில் ஒரு புள்ளி வையுங்கள். தடுக்கலில் இரண்டு வகை உண்டு. எழுத்துக்கூட்டி மெதுவாக வாசித்துச் சரியான சொல்லுக்கு வந்து சேரும் பிள்ளைக்குப் பயிற்சிதான் தேவை. சொல்லின் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்து, 'விளக்கினார்' என்பதை 'விளங்கினார்' என்றும் 'எழுதினான்' என்பதை 'எழுந்தான்' என்றும் வேகமாக வாசித்துப் போகும் பிள்ளையைப் பற்றித்தான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். கேட்பவர்களுக்கு அந்த வாசிப்பு சரளமாகத் தோன்றுவதால், ஆண்டுக்கணக்கில் எவரும் கவனிக்காமல் போய்விடுகிறார்கள்.

வாசித்து முடித்ததும் தாளை மூடிவிட்டு, "இதை உன் தம்பியிடம் சொல்வதாக இருந்தால் எப்படிச் சொல்வாய்?" என்று கேளுங்கள். புத்தகத்தில் உள்ள வாக்கியமே திரும்பி வந்தால் அதை விடையாக ஏற்காமல், "நம் வீட்டில் பேசுவதுபோலச் சொல்" என்று இன்னொரு முறை கேளுங்கள். பிறகு, பத்தியில் நேரடியாக விடை இல்லாத ஒரு 'ஏன்' கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பிள்ளை தவறான விடை சொன்னாலும் பரவாயில்லை. ஒரு காரணத்தைத் தேடி யோசிக்கிறதா, அல்லது "அது புக்குல இல்லையே" என்று நின்றுவிடுகிறதா என்பதைப் பாருங்கள்.

கணக்கில் மூன்று போதும். 63இலிருந்து 28ஐக் கழிப்பது ஒன்று. 824ஐ 8ஆல் வகுப்பது மற்றொன்று. மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வகுத்தல் கணக்கை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பையனின் தாயார், "கணக்கில் எண்பதுக்குக் குறையாமல் எடுக்கிறான் சார், ஆனால் கடையில் சில்லறை சரியாக வாங்கி வரத் தெரியவில்லை" என்று அழைத்து வந்தார். இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தச் சொன்னேன். கைடில் உள்ளபடியே நான்கு வரியில், சிறு பிழையும் இல்லாமல் போட்டான். 824ஐ 8ஆல் வகுக்கச் சொன்னேன். எட்டில் எட்டு ஒருமுறை என்று 1 போட்டான். அடுத்து இரண்டைக் கீழே இறக்கினான், அது போகவில்லை. உடனே நான்கையும் இறக்கி, இருபத்து நான்கில் எட்டு மூன்றுமுறை என்று 3 போட்டான். விடை 13 என்று அடிக்கோடிட்டு, தாளை என் பக்கம் தள்ளினான். நான் ஒன்றும் சொல்லாமல், "எண்ணூற்று இருபத்து நான்கு ரூபாயை எட்டுப் பேர் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு?" என்று வாயால் கேட்டேன். "ஆளுக்கு நூறு, மிச்சம் இருபத்து நாலு, அதுல ஆளுக்கு மூணு. நூத்தி மூணு" என்று கண நேரத்தில் சொன்னான். சொல்லி முடித்த பிறகும், தாளில் தான் எழுதியிருந்த 13ஐப் பார்த்து அவனுக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. இரண்டும் ஒரே கணக்கு என்று நான் சுட்டிக்காட்டிய பிறகுதான் அவன் முகம் மாறியது.

அந்தப் பையனின் மூளை மழுங்கவில்லை. வாயால் கேட்டபோது அவன் செய்த பிரிப்பு, நல்ல வியாபாரி செய்யும் பிரிப்பு. தாளில் எழுதுவதற்கும் பொருள் உணர்வதற்கும் இடையே இருக்க வேண்டிய பாலம் அவனுக்குள் கட்டப்படவே இல்லை. வந்த விடை நியாயமாக இருக்கிறதா என்று ஒரு கணம் நின்று பார்க்கும் பழக்கத்தை எவரும் அவனிடம் கோரவே இல்லை. பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையுள்ள ஊர்ப்புறப் பிள்ளைகளை 2023இல் 'அசர்' ஆய்வு அளந்தபோது, இந்த வகை வகுத்தலைச் சரியாகப் போட்டவர்கள் 43.3 விழுக்காட்டினரே. அதே வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 86 பேருக்கு மேல் ஏதோ ஒரு கல்வி நிறுவனத்தில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் பெயர் இருக்கிறது, வகுத்தல் இல்லை என்ற இந்த இடைவெளியைத்தான் நாம் கல்வித்தரச் சரிவு என்ற பெயரால் உணர்கிறோம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது கணக்கு, உழைப்பை அளப்பதற்கானது. ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு இதைக் கொடுக்கலாம்: ஒரு கூடையில் மாம்பழமும் சப்போட்டாவும் சேர்த்து 30 இருக்கின்றன, மாம்பழம் சப்போட்டாவைவிட 8 அதிகம், ஒவ்வொன்றும் எத்தனை? இதற்குச் சூத்திரம் தேவையில்லை. எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தே 19, 11 என்ற விடைக்கு வரலாம். இதைக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். பிள்ளைக்குத் தெரியாமல் பாருங்கள். பென்சிலைக் கீழே வைத்து "தெரியல" என்று சொல்வதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்பதைக் குறியுங்கள். விடை சரியா என்பதைவிட இந்த நிமிடக் கணக்கு எனக்கு முக்கியம். இருபது ஆண்டுகளில் என் கண்ணெதிரே குறைந்து வந்திருப்பது எது என்று எவரேனும் கேட்டால், இதைத்தான் சொல்வேன். முன்பு ஒரு பிள்ளை கோடு போட்டு, அழித்து, விரல் விட்டு எண்ணி, பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போட்டுக்கொண்டு பத்து நிமிடம் கணக்கோடு கிடக்கும். இன்று என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் இரண்டாவது நிமிடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார்கள்.

பெரியவர்களும் அளந்துகொள்ள வேண்டும்

பிள்ளைகளை மட்டும் அளந்துவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. நாளை காலை, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, நீங்கள் இதுவரை படிக்காத ஒரு கட்டுரை நூலில் பத்துப் பக்கம் வாசியுங்கள். எத்தனையாவது பக்கத்தில் கை அனிச்சையாகக் கைப்பேசியைத் தேடியது என்று எழுதிவையுங்கள். வாசித்து முடித்ததும், படித்ததன் சாரத்தை ஆறு வரியில் கையால் எழுதுங்கள். நான் இதை முதல்முறை செய்தபோது மூன்றாம் பக்கத்தில் எழுந்துவிட்டேன்.

கற்றல் திறன் இறங்குவது நம் ஊருக்கு மட்டும் உரிய நிலை அன்று. வளர்ந்த நாடுகளின் ஓஇசிடி அமைப்பு பதினைந்து வயது மாணவர்களுக்கு நடத்தும் 'பீசா' தேர்வில், 2018க்கும் 2022க்கும் இடையே அந்நாடுகளின் சராசரி வாசிப்பில் ஏறத்தாழ 10 புள்ளிகளும் கணக்கில் ஏறத்தாழ 15 புள்ளிகளும் இறங்கியது. தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் 2009ஆம் ஆண்டுச் சுற்றின் விரிவாக்கத்தில் அதே தேர்வில் கலந்துகொண்டு பட்டியலின் அடியில் நின்றதையும் இங்கே மறக்கக்கூடாது. நார்வேயில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களின் அறிவுத்திறன் தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 1970களின் நடுப்பகுதி வரை பிறந்தவர்களிடம் ஏறிவந்த மதிப்பெண், அதற்குப் பின் பிறந்தவர்களிடம் இறங்கியதைக் காட்டியது. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பிகளுக்கிடையிலும் அந்த இறக்கம் தெரிந்ததால், காரணம் பிறப்பில் இல்லை, வளரும் சூழலில் இருக்கிறது என்று அந்த ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். எனக்கு இது ஆறுதல் தரும் செய்தி. சூழலால் வந்தது என்றால் சூழலை மாற்றிச் சீர்செய்ய இடம் இருக்கிறது.

அளந்த பிறகு செய்ய வேண்டியவை

வாசிப்பில் தடுக்கல் இருந்தால், நாள்தோறும் இருபது நிமிடம் உரக்க வாசிக்க வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். வாரத்தில் இரண்டு நாள் பத்துச் சொற்கள் சொல்வதெழுதச் சொல்லுங்கள். ண, ன குழப்பத்தையும் ர, ற குழப்பத்தையும் பெருங்குற்றமாக எண்ண வேண்டாம். பேச்சில் அந்த வேறுபாடு நம்மில் பலருக்கே மறைந்துவிட்டது, கண்ணால் பழகித்தான் கை தேற வேண்டும். ஒற்று விடுபடுவதையும் நெடில் குறிலாவதையும்தான் உடனே கவனிக்க வேண்டும், அவை பொருளையே மாற்றிவிடும்.

பாடம் படிக்கும் முறையில் ஒரே ஒரு மாற்றத்தை வலியுறுத்துவேன். ஒரு பக்கத்தை ஐந்துமுறை திரும்பத் திரும்பப் படிக்கும் பிள்ளையை, இரண்டுமுறை படித்தபின் புத்தகத்தை மூடிவைத்து, நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அதன்பின் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையால் அவளே சேர்க்கட்டும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மூடிவைத்து நினைவுகூர்ந்தவர்களே மிகுதியாக நினைவில் வைத்திருந்தார்கள். மறுநாள் ரிவிஷன் டெஸ்டுக்கு முதல் வழி போதுமானதாகத் தோன்றுவதால்தான் பிள்ளைகள் அதை விடுவதில்லை. மூடிவைத்து எழுதுவது தொடக்கத்தில் கடினமாக இருக்கும், பாதிதான் வரும், பிள்ளை சலித்துக்கொள்ளும். அந்தக் கடினத்தில்தான் கற்றல் நடக்கிறது என்பதைப் பெற்றோர் முதலில் நம்ப வேண்டும். பாதி எழுதிய தாளைப் பார்த்து முகம் சுளித்தால் அந்தப் பயிற்சி அன்றோடு முடிந்துவிடும்.

கணக்கில், விடை வந்ததும் "இது நியாயமான விடையா, எப்படித் தெரியும்?" என்ற கேள்வியை வழக்கமாக்குங்கள். போடத் தொடங்கும் முன்னரே விடை நூறுக்கு மேல் வருமா, கீழே வருமா என்று சொல்லச் சொல்லுங்கள். வாய்ப்பாடு பதினாறு வரை தெரிந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பொருள் புரியாத மனப்பாடத்தைக் கண்டித்துப் பேசுபவர்கள் வாய்ப்பாட்டையும் சேர்த்தே தூக்கி எறிந்துவிட்டார்கள். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று உடனே வராத பிள்ளை, பெரிய கணக்கின் நடுவில் அந்தச் சிறு பெருக்கலிலேயே களைத்துப்போகிறது.

கைடையும் கைப்பேசியையும் முற்றிலும் விலக்கச் சொல்ல மாட்டேன், நடைமுறையில் அது முடியாது. கணக்கைப் படம் பிடித்தால் விடையை வரி வரியாகக் காட்டும் செயலிகளும், கட்டுரையை நொடியில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் பிள்ளைகளின் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு விதி மட்டும் வீட்டில் இருக்கட்டும்: பதினைந்து நிமிடம் தானே முயன்ற அடையாளம் தாளில் இருந்தால்தான் கைடைத் திறக்கலாம், கைப்பேசியைக் கேட்கலாம். அடித்தல் திருத்தலோடு கூடிய அந்தத் தாளைக் கிழிக்காமல் சேர்த்துவையுங்கள். அழகாக எழுதிய நோட்டைப் பாராட்டுவதற்கு முன் அந்தக் கிறுக்கல் தாளைப் பாராட்டுங்கள். பதினைந்து நிமிடம் முதல் வாரத்தில் எவருக்கும் கைகூடாது. ஐந்தில் தொடங்கி வாரத்துக்கு இரண்டு நிமிடமாகக் கூட்டலாம்.

அளவீட்டின் முடிவைப் பள்ளிக்கும் எடுத்துச் செல்லுங்கள். "தரம் சரியில்லை" என்று பொதுவாகப் புகார் சொன்னால் ஆசிரியர் தற்காப்புக்குத்தான் போவார். "கடன் வாங்கிக் கழித்தல் வருகிறது, வகுத்தலில் பூச்சியம் விடுபடுகிறது" என்று தாளோடு சென்றால், பெரும்பாலான ஆசிரியர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். அரசுப் பள்ளியாக இருந்தால், கல்வி உரிமைச் சட்டப்படி நான்கில் மூன்று பங்கு பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இதைப் பேசலாம். குழந்தைகளின் அடிப்படை எழுத்தறிவுக்காக 2022இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளை எந்த நிலையில் இருப்பதாக வகுப்பில் குறித்திருக்கிறார்கள் என்று கேட்டு, உங்கள் அளவீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் ஆசிரியரின் முன்னிலையிலேயே பிள்ளையை மீண்டும் வாசிக்கச் சொல்லலாம். குற்றம் கண்டுபிடிக்கும் தொனி மட்டும் வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து, புதிய பக்கத்தையும் புதிய எண்களையும் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். முதல் தாளைத் தேதியோடு வைத்திருந்தால்தான் இது பயன்படும். நினைவை நம்பினால், பிள்ளை முன்னேறியிருந்தாலும் நம் கவலை அதை மறைத்துவிடும். ஒவ்வொரு முறையும் நான்கு செய்திகளே போதும்: எத்தனை புள்ளிகள் விழுந்தன, சொந்த வார்த்தையில் சொன்னாளா, எந்தக் கணக்கு எங்கே பிசகியது, பென்சிலை எத்தனையாவது நிமிடத்தில் கீழே வைத்தாள்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனின் தாள்கள் என்னிடம் இருக்கின்றன. முதல் தாளில் மாம்பழக் கணக்கின் எதிரே '2 நிமிடம்' என்று எழுதியிருக்கிறேன். நான்கு மாதம் கழித்து வேறு பழங்களோடு கொடுத்த அதே வகைக் கணக்கின் எதிரே '11 நிமிடம், விடை சரி' என்றிருக்கிறது. அன்று 936ஐ 9ஆல் வகுக்கவும் கொடுத்திருந்தேன். முதலில் 14 என்று எழுதியிருக்கிறான். பிறகு நான் ஒன்றும் சொல்லாமலே அதன்மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 104 என்று எழுதி, அதற்குக் கீழே 9 × 104 என்று பெருக்கியும் பார்த்திருக்கிறான்.